நாக்கால் பார்த்த ரிப்பேர்

என் நாக்கைப் பற்றி எனக்கு ரொம்ப நாளாக ஒரு திமிர் உண்டு. மரக்காணம் உப்பளத்தில் பம்ப்செட் பார்க்கிற வேலை எனக்கு. பாத்தித் தண்ணீர் பதத்துக்கு வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள மற்றவர்கள் உப்பின் அடர்த்தி காட்டுகிற மீட்டரைத் தேடுவார்கள். நான் விரலை நனைத்து நாக்கில் வைத்து, "இருபது டிகிரி" என்பேன். பாதி நாள் சரியாக இருக்கும். மீதி நாள் மீட்டர் தப்பு என்று சொல்லிவிடுவேன்.

என் மனைவி மீனவக் குப்பத்துப் பெண். காதல் கல்யாணம். போன வருஷம் அவள் தம்பி ஒரு பழைய போட் வாங்கினான். அதிலிருந்த டீசல் எஞ்சின் அவனைவிட வயதில் மூத்தது. மெக்கானிக்கைக் கூப்பிடப் போனவனை நான்தான் தடுத்தேன். "எஞ்சின்னா எஞ்சின்தான்டா மச்சான். தரையில ஓடினா இன்னா, தண்ணியில ஓடினா இன்னா? நான் பாத்துக்கறேன்" என்றேன். என்ன ஒரு மேதாவித்தனம்!

இந்த வருஷம் மீன்பிடித் தடைக்காலம் முடிய ஒரு வாரம் இருந்தது. போட்டை முகத்துவாரத்தில் கட்டி எஞ்சினை ஓடவிட்டோம். கால் மணி நேரத்தில் கை வைக்க முடியாத சூடு. அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.

அந்த எஞ்சினில் இரண்டு தண்ணீர் ஓடும். ஒன்று, மேலே இருக்கிற சின்ன டேங்க்கில் நாம் ஊற்றுவது. அது எஞ்சினுக்குள்ளேயே சுற்றி வந்து சூட்டை வாங்கிக்கொள்ளும். இன்னொன்று, பம்ப் இழுக்கிற கடல் தண்ணீர். அது முதல் தண்ணீரைக் குளிரவைத்துவிட்டுக் கடலுக்கே திரும்பிவிடும். இரண்டில் எது ஒழுகுகிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மற்றவர்கள் என்ன செய்வார்களோ தெரியாது. நான் சொட்டை விரலில் ஏந்தி நாக்கில் வைத்தேன். நல்ல உப்பு.

"கடல் தண்ணி. பம்ப் சீல் போச்சு" என்று தீர்ப்பு சொன்னேன். பம்பைக் கழற்றி சீல் மாற்றினேன். மறுநாளும் சொட்டியது, மறுபடி நக்கினேன், மறுபடி உப்பு. கடல் தண்ணீர் ஹோஸ் முழுவதையும் மாற்றினேன்.

மச்சான் தலையைச் சொறிந்தான். "கடல் தண்ணி ஒழுகுதுன்னா, டேங்க் தண்ணி ஏன் மாமா குறையுது?"

எவ்வளவு நியாயமான கேள்வி! "சூட்டுல ஆவியாப் போவுதுடா. இதுகூடத் தெரியாதா?" என்று அதட்டினேன். டேங்க்குக்குக் கீழே ஒரு குழாய் மூட்டில் வெள்ளையாகப் பூத்திருந்ததைக் காட்டினான். கடல்காற்று என்று சொல்லித் துணியால் துடைத்துவிட்டேன். துடைத்த பிறகு சொட்டு கொஞ்சம் குறைந்தது மாதிரிகூட எனக்குத் தெரிந்தது.

தடை முடிந்த அன்று விடியற்காலையில் அவனும் இரண்டு பேரும் கிளம்பினார்கள். "ஒண்ணும் ஆவாது, போ" என்று கையாட்டினேன். பத்து மணிக்குப் போன் வந்தது. எஞ்சின் கொதித்து நின்றுவிட்டது, காற்று வேறு நடுக்கடலுக்குத் தள்ளுகிறது என்றான். அதோடு சிக்னல் போய்விட்டது. கரையில் என் மனைவி என் பக்கமே திரும்பாமல் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவனுக்கு ஏதாவது ஆகியிருந்தால் அவள் முகத்தில் நான் எப்படி விழிப்பேன் என்பது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது.

மதியம் மூன்று மணிக்கு வேறொரு போட் அவர்களைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. மூன்று பேரும் முழுசாக இறங்கினார்கள். மச்சான் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆறிய பிறகு டேங்க் மூடியைத் திறந்தேன். மூடியின் ரப்பர் வெடித்திருந்தது. உள்ளே சுவரெல்லாம் வெள்ளை வெள்ளையாக அப்பியிருந்தது. அந்தக் குழாய் மூட்டை விரலால் தட்டினேன், அப்பளம் மாதிரி உடைந்து கையோடு வந்தது.

"இதுல எந்தத் தண்ணிய ஊத்தன?" என்று மனைவி கேட்டாள்.

"நல்ல தண்ணிதான். நம்ம உப்பளத்து ஷெட் போர் தண்ணி."

"அதுவா நல்ல தண்ணி? கல்யாணமாகி வந்த அன்னைக்கே குடிச்சுட்டுத் துப்பினேனே! நீ ஒருத்தன்தான் அதுல டீ போட்டுக் குடிக்கற."

அவள் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு விளங்கிவிட்டது. அந்த டேங்க்கில் ஊற்றக் கடையில் விற்கிற பச்சை கூலன்ட் வீண் செலவு என்று ஒரு வருஷமாக நான்தான் வாரா வாரம் அந்தத் தண்ணீரை ஊற்றிவந்தேன். வெடித்த மூடி வழியாகத் தண்ணீர் ஆவியாகப் போகும், உப்பு தங்கும், மேலே மறுபடி ஊற்றுவேன். உப்பளத்தில் நாங்கள் தினமும் செய்கிற அதே வேலை. எஞ்சினுக்குள் பாத்தி கட்டி உப்பு விளைய வைத்து, அந்த உப்பையே நக்கிப் பார்த்துக் கடல் மேல் பழி போட்டிருக்கிறேன். இதை வேறு ஊர்க்காரன் எவனாலும் செய்திருக்க முடியாது. இருவரிடமும் அப்படியே ஒப்புக்கொண்டேன். மச்சான் "சரி" என்று மட்டும் சொன்னான்.

ஒரு வாரம் உட்கார்ந்து, குடிக்கிற கேன் தண்ணீரால் எஞ்சினை அலசினேன். அரித்த குழாய்களையும் மூடியையும் மாற்றி, பச்சை கூலன்ட் ஊற்றினேன். இரண்டு நாள் ஓடவிட்டேன். சூடு ஏறவில்லை, ஒரு சொட்டு இல்லை.

"இப்ப பக்காவா இருக்குது. நாளைக்குக் கிளம்பு" என்றேன்.

மச்சான் ஒரு லைஃப் ஜாக்கெட்டை எடுத்து என் கையில் திணித்தான். "நீயும் வா மாமா."

"நான் எதுக்குடா? எனக்கு நீச்சல் தெரியாது."

"எனக்குத் தெரியும்னுதான் அன்னைக்கு அனுப்பினியா?"

ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, முதல் மூட்டிலிருந்து மறுபடி பார்க்க ஆரம்பித்தேன்.