சொல்லாமல் நிறுத்திய நாலு நிமிடம்

அந்த நெட் கம்பெனியில் எல்லோருக்கும் அவள் 'மெசேஜ் அக்கா'. எந்த ரூட்டரை எப்போது நிறுத்திப் போடப்போகிறார்கள், எவ்வளவு நேரம் நெட் வராது என்று அறுநூறு வீடுகளுக்கும் முன்கூட்டியே மெசேஜ் அனுப்புவதுதான் வேலை. ஒன்பது வருஷமாகியும், அனுப்பிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்ததில்லை. யாருக்காவது போகாமல் விட்டுப்போயிருக்குமோ என்று பட்டியலை மேலும் கீழும் பார்ப்பாள். எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி பார்ப்பாள்.

"நீ அனுப்புறத யாரு படிக்கிறா? நானே படிக்கிறதில்ல" என்பார் கணவர்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவள் மேஜையில் இருந்த போன்கள் ஒரேயடியாக அடித்தன. ஒரு குடியிருப்பு முழுக்க நெட் இல்லை. அவள் மெசேஜ் எதுவும் அனுப்பியிருக்கவில்லை. பின்னறைக்கு ஓடினாள். டெக்னீஷியன் ரூட்டர் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"ஸ்லோவா இருந்துச்சுக்கா. ரீஸ்டார்ட் போட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நாலு நிமிஷத்துல யாருக்குக்கா குடி முழுகப் போகுது?"

நெட் வந்தது, போன்கள் அடங்கின. கடைசியாக ஒரு பெண் கூப்பிட்டாள். குழந்தை பிறந்ததும் வேலையை விட்டவள். ஏழு வருஷம் கழித்து முதல் இன்டர்வியூ, வீடியோவில். பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே படம் அப்படியே நின்றுவிட்டது. மறுபடி உள்ளே நுழைந்தபோது எதிரில் யாரும் இல்லை.

"முன்னாடியே சொல்லியிருந்தா போன் நெட்ல பேசியிருப்பேன். அவ்வளவுதான்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அந்த 'அவ்வளவுதான்' அக்காவைப் போட்டுக் குடைந்தது. சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள், மூடினாள். நேரே முதலாளியிடம் போய், தப்பு நம்முடையது என்று எழுதிக்கொடுக்கலாம் என்றாள்.

"நாமளே போய்த் தலையக் கொடுக்கணுமா?"

"அப்ப என் பேர்ல கொடுக்கறேன் சார்."

எப்போது நின்றது, எப்போது வந்தது, அந்தப் பெண் மேல் தப்பில்லை. நாலே வரி. கையெழுத்துப் போட்டு அந்தப் பெண்ணுக்கு அனுப்பினாள். அவள் அதை இன்டர்வியூ எடுத்தவர்களுக்கு அனுப்பினாள். இரண்டு நாள் பேச்சுமூச்சில்லை. வெள்ளிக்கிழமை பதில் வந்தது: திங்கள் பத்தரைக்கு மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள்.

திங்கட்கிழமை அக்கா பின்னறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். பத்தே முக்காலுக்கு ரூட்டரில் சிவப்பு விளக்கு மின்னியது.

"லோடு ஏறுதுக்கா" என்றான் டெக்னீஷியன்.

"தாங்குமா?"

"தெரியல." ஒரு நிமிடம் யோசித்தான். ரூட்டரைத் தொடவில்லை, ஆபீஸ் லைன்களை மட்டும் ஒவ்வொன்றாகப் பிடுங்கினான்.

முதலாளி அறைக்கதவு திறந்தது. "என் நெட் எங்க?"

"பதினொன்றரைக்கு வந்துரும் சார்" என்றாள் அக்கா, நாற்காலியை விட்டு எழாமல்.

அந்த வேலை வேறொருவருக்குப் போயிற்று. ஆனால் இன்டர்வியூ எடுத்த அதே கம்பெனி அந்தப் பெண்ணுக்கு அரைநாள் வேலை ஒன்று கொடுத்தது.

"அடுத்த மாசத்துலேர்ந்து காலையில வீட்டுலேர்ந்தே வேலைக்கா. ஒரு மணி வரைக்கும் எதையும் நிறுத்தாதீங்க" என்றாள் போனில்.

"சாயங்காலத்துக்கு மாத்திடறேன்" என்று சொல்லும்போதே டெக்னீஷியனைத் தேடி எழுந்துவிட்டாள் அக்கா.