தங்கை திருப்பி வாங்கிய கட்டுரை

பிழைக்கத் தெரியாதவர்களுக்கு ஒரு போட்டி வைத்தால் என் தங்கை முதல் பரிசை வாங்கி, "எனக்கு இதற்குத் தகுதி இல்லை" என்று திருப்பியும் கொடுத்துவிடுவாள். உயிர்வேதியியல் ஆராய்ச்சி செய்கிறாள். பாதி ஆயுசு ஈரலில் இருக்கும் ஒரே ஒரு என்சைமோடு போய்விட்டது. கல்யாணத்துக்கு நேரமில்லை என்றாள். சரி, அதையே கட்டிக்கொண்டு அழு என்று விட்டுவிட்டேன்.

இருபது கட்டுரைகளுக்கு மேல் எழுதியிருக்கிறாள். முக்கால்வாசியை அவளையும் அச்சடித்தவரையும் தவிர யாரும் படித்ததாகத் தெரியவில்லை. ஒன்று மட்டும் கொடிகட்டிப் பறந்தது. மற்ற என்சைம்கள் குளிரில் சுணங்கிவிடும், இது மட்டும் அசராமல் வேலை செய்யும் என்று அதில் காட்டியிருந்தாள். அப்புறம் குளிரைப் பற்றி எழுதிய அத்தனை பேரும் அவளை மேற்கோள் காட்டினார்கள். அவர்கள் உலகத்தில் அந்த மேற்கோள் எண்ணிக்கைதான் ஆளின் எடை. அதைப் பார்த்துத்தான் வேலை தருவார்கள்.

அவளுடைய ஒப்பந்தம் இந்த வருஷத்தோடு முடிகிறது. நிரந்தர இடம் ஒன்றே ஒன்று காலி. போட்டிக்கு அவளும், பக்கத்து ஆய்வகத்துக்காரரும். கிடைக்காவிட்டால் ஆய்வகத்தைக் காலி செய்துவிட்டு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

இந்த நேரம் பார்த்து அம்மணி அமிலகாரம் அளக்கும் மீட்டரைக் குளிர் அறைக்குள்ளேயே தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள். வந்து சாப்பாட்டு மேசையில் தலையில் கைவைத்து உட்கார்ந்தாள்.

"தப்புக்கா. எல்லாமே தப்பு."

அந்தக் கட்டுரைக்காக என்சைமைப் போடும் கரைசலை வெதுவெதுப்பான அறையில் கலந்து, அங்கேயே அளந்து சரிசெய்துவிட்டு, குளிர் அறையில் சோதனை செய்திருக்கிறாள். அந்தக் கரைசல் குளிர்ந்தால் காரம் ஏறுமாம். காரம் ஏறினால் என்சைம் துள்ளுமாம். குளிரை ஜெயித்தது என்று எழுதியதெல்லாம் கரைசல் செய்த வேலை.

"முதல் வருஷப் பிள்ளைங்களுக்கு நானே சொல்லிக்கொடுக்கிற விஷயம்க்கா" என்றாள்.

"சரி, தப்பு நடந்துபோச்சு. இன்டர்வியூ முடியுற வரைக்கும் வாயைத் திறக்காதே" என்றேன். துறைத் தலைவரும் அதையேதான் சொன்னாராம். எங்கள் இரண்டு பேர் பேச்சையும் காதில் போட்டுக்கொள்ளாமல், கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று பத்திரிகைக்கு எழுதிவிட்டாள். அவர்களும் உடனே அறிவிப்புப் போட்டுவிட்டார்கள். சொந்தக் காசில் சூனியம் என்பது வேறு என்ன?

அதிலும் ஒரு கூத்து. அறிவிப்பு வந்த பிறகும் மேற்கோள் ஏறிக்கொண்டேதான் இருந்தது. யார் படிக்கிறார்கள்? ஒருவர் கட்டுரையின் அடியில் இருக்கும் பட்டியலிலிருந்து இன்னொருவர் எடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். இன்டர்வியூவில் தேர்வுக் குழுத் தலைவர் திரையில் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு, "பிரமாதம் மேடம்!" என்று எழுந்து கை கொடுத்திருக்கிறார். வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம், இல்லையா?

"அது திரும்ப வாங்கின கட்டுரை சார். அதைக் கழிச்சிட்டுப் பாருங்க" என்றிருக்கிறாள்.

கழித்தார்கள். மிச்சம் என்ன இருக்கும்? வேலை பக்கத்து ஆய்வகத்துக்காரருக்குப் போனது. அவருடைய பேர்பெற்ற கட்டுரை எதன்மேல் நிற்கிறது என்று நினைக்கிறீர்கள்? இவளுடைய அதே கட்டுரையின்மேல்தான். அதே கரைசல், அதே வெதுவெதுப்பான அறை.

குளிர் அறைச் சாவியை ஒப்படைக்கப் போனவள் அவரிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லையாம்.

"தெரியும் மேடம். உங்க அறிவிப்பு வந்த அன்னிக்கே அளந்து பார்த்துட்டேன். வேலை உறுதியாகட்டும்னு இருந்தேன். நானும் திரும்ப வாங்கிடுவேன்."

கேட்டதும் எனக்குத் தலைக்கு மேல் கோபம். "நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேக்காம வந்தியாடி?" என்று கத்தினேன்.

"கேட்டேன்க்கா."

"என்னன்னு?"

"எப்போன்னு."