காய்ந்த சந்தனம்

ஆயுதபூஜைக்கு மறுநாள் காலை. ஞானசிகாமணி டீயை வாயில் வைப்பதற்குள் டீக்கடை அழகுமலை ஆரம்பித்துவிட்டார்.

"சிகாமணிண்ணே, நான் கண்ணால பாக்கல. பஸ்ஸ்டாண்டுல பேசிக்கிட்டாக. கர்ணன் டாக்சி கிளம்பவே இல்லையாம். வலி எடுத்த பொண்டாட்டிய வாழைத்தார் லாரியில ஏத்திப் பெரியகுளத்துக்கு அனுப்புனானாம். நீங்க பாத்த செல்ஃபுதான் காலை வாரிருச்சுங்கிறாக."

போன வாரம்தான் கர்ணனின் அம்பாசிடர் டாக்சியில், வண்டியைக் கிளப்பும் செல்ஃப் மோட்டாரைப் பிரித்துக் கார்பன் மாற்றியிருந்தார். வேலை நடக்கும்போது நிறைமாதமாக இருந்த கர்ணன் மனைவி மொக்கம்மாள் மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

தேனியில் கார் ஒயரிங் என்றால் ஞானசிகாமணிதான். ஆனால் வேலை முடித்து அனுப்பிய வண்டி மறுபடி கண்ணில் படும்வரை மனிதருக்குச் சோறு இறங்காது. வேதக்கோயிலில் பிரசங்கம் நடக்கும்போதும் காது ரோட்டில் இருக்கும். "போற வண்டியெல்லாம் நீங்க கட்டிக்குடுத்த மகளாக்கும்?" என்பாள் மனைவி சுகிர்தம்.

டீயை அப்படியே வைத்துவிட்டுப் பழனிசெட்டிபட்டிக்குச் சைக்கிளை மிதித்தார். எந்த ஸ்குரூவை முடுக்காமல் விட்டோம் என்று வழியெல்லாம் மனசுக்குள் அந்த மோட்டாரைப் பிரித்துப் பிரித்து மாட்டினார்.

"வாங்கண்ணே, வந்து பாருங்க உங்க வேலைய!" கர்ணன் கண் சிவந்து நின்றான். "லாரியில அவளுக்கும் எங்காத்தாளுக்குந்தான் எடம். தள்ளியும் பாத்தாச்சு. ஒரு இருமல்கூட இல்ல."

ஞானசிகாமணி ஹெட்லைட்டைப் போட்டார். எரிந்தது. செல்ஃபை இழுத்தார். 'டக்' என்றொரு சத்தம். லைட் அடியோடு அணைந்தது. பேட்டரி வெறுமையாக இருந்தால் வெளிச்சம் மங்கும், இப்படிச் சாகாது. பானெட்டைத் தூக்கினார். பேட்டரிக்கும் மாலை, விபூதிப் பட்டை. ஒயரைப் பிடித்திருந்த கிளாம்ப்பைத் திருகிக் கழற்றியதும், ஈயக் குமிழைச் சுற்றி மஞ்சளாய்ப் பொருக்கு உதிர்ந்தது.

"ஏலே, இது என்னது?"

"சந்தனம்ண்ணே. கழட்டிக் கழுவி, பொட்டு வச்சு மாட்டுனேன்."

"மேல வைக்கிற பொட்ட உள்ள அப்பியிருக்கியே! கரண்டு எப்பிடிலே போகும்?"

"நேத்துப் பூஜை முடிஞ்சு எலுமிச்சம்பழத்த நசுக்கயில ஓடுச்சேண்ணே!"

"அப்ப ஈரம். ராத்திரியில காஞ்சு ஓடாயிருச்சு."

உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கினார். செல்ஃபைத் தொட்டதும் வண்டி உறுமியது. கர்ணன் உதட்டைக் கடித்தபடி பெரியகுளத்துக்கு வண்டியை விரட்டிப் போனான்.

தன் வேலையில் தப்பில்லை. அதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். நிம்மதி வரவில்லை. லாரி எங்கெங்கே குலுங்கியதோ என்றுதான் ஓடியது மனசு.

பஜாரில் தெரிந்த கமிஷன் மண்டிக்குப் போய், மொக்கம்மாளைப் பற்றி விசாரிக்கப் பெரியகுளம் ஆஸ்பத்திரிக்கு எதிரிலுள்ள மருந்துக்கடைக்கு டிரங்க் கால் கேட்டார். ஒரு காலில் நின்றார், மறு காலுக்கு மாறினார். அழகுமலை வந்து, "அப்ப உங்க செல்ஃபுல கோளாறு இல்லியாமுல்ல?" என்றார். அது அவர் காதில் ஏறவே இல்லை.

"ரிங் போகுது சார், யாரும் எடுக்கல. வச்சிரவா?" என்றாள் எக்ஸ்சேஞ்ச் பெண்.

"வைக்காதீகம்மா. அடிக்கட்டும்."

அடித்துக்கொண்டே இருந்தது.