முதல் வலி போன பிறகு

ஏரியூர் பக்கம் எங்களுக்கு மரவள்ளித் தோட்டம் இருக்கிறது. இதய நோயாளியான என் கணவருக்குக் காலையில் மண்வெட்டி பிடித்ததும் நெஞ்சு இறுக்கும். சற்று உட்கார்ந்தால் விட்டுவிடும். பிறகு பொழுதுக்கும் வலிக்காது. "மொத நோவு வந்துட்டுப் போயிட்டா அப்புறம் வராது புள்ள" என்பார். நானும் நம்பினேன்.

வயது எழுபதை நெருங்கிய இந்த வருடம், வலி விட்ட தெம்பில் கிழங்கு மூட்டையைத் தூக்கியவர் அப்படியே சாய்ந்துவிட்டார். தருமபுரி ஆஸ்பத்திரியில் பிழைக்க வைத்தார்கள்.

"சின்ன வலி வந்தா, அடுத்ததைத் தாங்கறதுக்கு இதய செல்லுல சேதி வாங்கற ரிசப்டருங்க உஷாராகும்மா. வயசும் நோயும் ஏற ஏற அதுங்க மந்தமாயிடும். இனி மொத வலி போயிட்டாலும் அடுத்தது வராதுன்னு நம்ப முடியாது" என்றார் டாக்டர்.

இப்போது முதல் வலியிலேயே அவர் வேலையை நிறுத்தி, டாக்டர் தந்த மாத்திரையை அவர் நாக்கடியில் வைத்து, ஆஸ்பத்திரி போக வண்டிக்குச் சொல்லிவிடுகிறேன். "அதான் போயிருச்சே, வுடு புள்ள" என்று அவர் சிரிப்பார். நான் மண்வெட்டியை அவர் கைக்கு எட்டாமல் வைத்துவிட்டு, வண்டி வருகிறதா என்று பார்ப்பேன்.