முப்பத்தேழு டிகிரி

இது நடந்தது. நம்பாதவர்கள் தாராவிக்கு வந்து என் மேஜை மேல் இருக்கும் பெட்டியைத் தொட்டுப் பார்க்கலாம்.

முதலில் ஓர் உண்மை. தொண்ணூறு அடி ரோட்டில் வெப்பத்தைப் பற்றி முழுதாக அறிந்த ஒரே மனிதன் நான்தான். கம்ப்யூட்டர் இன்ஜினீயரிங், மூன்றாம் ஆண்டு. பிராசஸர் நூறு டிகிரிவரை தாங்கும். நெருங்கினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மீறினால் தானே அணைந்துகொள்ளும். அதற்குப் போய் விசிறி வீசுவது மீனுக்குக் குடை பிடிப்பது மாதிரி.

என் நண்பன் ஆஷிக் அதைத்தான் செய்தான். கல்யாண வீடியோ எடிட் செய்கிறவன். தகரக் கூரைக்குக் கீழே அறை. இருந்த ஒரே டேபிள் ஃபேன் அவனைப் பார்க்காது, கம்ப்யூட்டரைப் பார்க்கும். ஃபேனின் முதுகில் ஈரக் கைக்குட்டை தொங்கும். பெட்டியைத் தடவி, "பொறு மக்கா, கொஞ்சம் பொறு" என்பான். 'ஃபேன் பூஜை' என்று கல்லூரிச் சுவர்ப் பத்திரிகையில் எழுதினேன். நல்ல வரவேற்பு.

போன மே மாதம், உச்சி வெயில். ஒரு நிக்காஹ் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. சாயங்காலம் கொடுத்தாக வேண்டும். ஏற்றிக்கொடுக்க ஹார்டு டிஸ்க் இல்லை. யாராவது சயான் வரை போய் வாங்கி வர வேண்டும். திரையின் மூலையில் பிராசஸரின் சூடு: 91.

"ஸ்டெர்லின், காய்ச்சலடிக்குலே. நீ போயிட்டு வாரியா?"

"அது தொண்ணூத்தொண்ணுல நிக்காம ஓடுது. நீ முப்பத்தொம்பதுக்கே படுக்கியாலே?"

சிரித்தான். கைக்குட்டையை ஃபேனிலிருந்து உருவித் தலையில் கட்டிக்கொண்டான்.

"ஃபேன மட்டும் திருப்பிராத."

இரும்பு ஏணியில் அவன் இறங்கும் சத்தம் ஓய்ந்தது. ஃபேனை என் பக்கம் திருப்பினேன்.

94… 96…

சுகமாகத்தான் இருந்தது.

டக்.

ஃபேன் கம்ப்யூட்டரைப் பார்த்துத் திரும்பியது. அது தானாகத் திரும்பும் ஃபேன் இல்லை. கழுத்து கியர் உடைந்து ஒரு வருடமாகிறது. மறுபடி என் பக்கம் திருப்பினேன்.

டக்.

இந்த முறை இறுக்கிப் பிடித்தேன். எதுவோ என் கையைத் தள்ளியது. கோபமாக அல்ல… பொறுமையாக.

சொட்… சொட்…

ஃபேனின் முதுகில் கைக்குட்டை. அவன் தலையில் கட்டிக்கொண்டு போன அதே கைக்குட்டை. ஈரம் சொட்டியது.

பெட்டியின் மேல் ஐந்து விரல் ஈரம். அந்த வெக்கையில் அது காயவில்லை.

திரையில் 97… 80… 52…

அறையே நாற்பதில் கொதித்தது. அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாக எந்த ஃபேனாலும் ஆக்க முடியாது. பாடம் எனக்குத் தெரியும்.

40…

37.

அங்கேயே நின்றது. வீடியோ ஓடிக்கொண்டுதான் இருந்தது.

முப்பத்தேழு பிராசஸரின் சூடு இல்லை.

நம் உடம்பினுடையது.

போன் அடித்தது.

ஆஷிக் இல்லை.

மூன்றாம் நாள் அவன் தங்கை சஃப்ரீன் சொன்னாள். "ஆஷிக் காக்கா சயான் பாலத்து மேல விழுந்துட்டாங்கண்ணே. தண்ணி தெளிச்சுத் தொடைக்க ஆளுக துணி தேடிருக்கு. காக்கா தலையில கட்டிருந்தத அவங்களே அவுத்து, வெறும் காத்துல நீட்டுனாங்களாம். 'பொறு, பொறு'ன்னாங்களாம். அந்தக் கைக்குட்டை அதுக்கப்புறம் யார் கையிலயும் கிடைக்கல."

அது என் பையில் இருந்தது.

"டாக்டரு நாப்பத்திரண்டுன்னாரு. அதுக்கு மேல மனுசன் தாங்க மாட்டானாம். அவ்வளவு காய்ச்சலோட வெயில்ல யாருண்ணே போகச் சொன்னா?"

நான் வெளியே பார்த்தேன்.

கம்ப்யூட்டரை என்னிடமே கொடுத்துவிட்டார்கள். எதை ஓட்டினாலும் 37. ஒருநாளும் 38 ஆனதில்லை. அதற்கு ஃபேன் தேவையே இல்லை.

மதியமானால் எங்கள் வீட்டின் ஒரே ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைக்கிறேன். கைக்குட்டையை நனைத்து முதுகில் தொங்கவிடுகிறேன். அம்மா பார்க்காத நேரம் பெட்டியைத் தடவுகிறேன்.

"பொறு மக்கா… கொஞ்சம் பொறு."