கண் திறந்த யானைப் பெட்டி

நல்லதம்பி ரம்பத்தை எடுத்து மர யானையின் முதுகில் வைப்பதும், மறுபடி கீழே வைப்பதுமாக இருந்தார்.

அரும்பாவூரில் பல வருஷமாகச் சாமி சிலை செதுக்குகிற கை அது. அவருடைய அப்பா கடைசிவரை அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர். மகன் செதுக்கிய குதிரையிலும் ரிஷபத்திலும் இன்று எத்தனையோ ஊர்ச் சாமிகள் வீதியுலா வருகின்றன. ஆனால் பெட்டி செய்வது இதுதான் முதல் தடவை. யோசனை மனைவி வெற்றிச்செல்வியுடையது. சாமிக்கு வார்னிஷ் பூசிப் பூசி அவளுக்கு அலுத்துவிட்டது. விதவிதமாகக் கலர் அடிக்க ஆசை. தன் மகள் கல்யாணச் சீருக்கு யானைப் பெட்டி வேண்டும் என்று வாலிகண்டபுரத்துப் பரிமளா கேட்டதும் சரியென்று தலையாட்டிவிட்டாள். முதுகு மூடியாகத் திறக்க வேண்டும். வயிற்றுக்குள் நகை வைப்பார்கள்.

"இன்னுமா அறுக்கல? நாளைக்கு வந்துடுவாங்க."

"கண்ணைத் தொறந்துட்டேன் செல்வி."

அவளுக்குப் புரிந்துவிட்டது. சிலைக்குக் கண்ணைக் கடைசியில்தான் செதுக்குவார்கள். அது உயிர் கொடுப்பது மாதிரி. அதன்பிறகு சிலைமேல் இரும்பு படக்கூடாது. மூடியை அறுத்தபின் திறக்கவேண்டிய கண்ணை, கைப்பழக்கத்தில் முன்னாலேயே திறந்துவிட்டார்.

"இது சாமி இல்லீங்க, பொட்டி."

"நீ சுலபமா சொல்லிட்ட. அது என்னையே பாக்குதே."

"தூங்குமூஞ்சி மரத்து யானை. தூங்க வுட்டுருக்கலாம்ல? சரி, துண்டால கண்ணைக் கட்டிட்டு அறுங்க."

கட்டிப் பார்த்தார். "இப்ப கெடா வெட்டுற மாதிரில்ல இருக்கு" என்று துண்டை அவிழ்த்துவிட்டார்.

கடைசியில் மிச்சமிருந்த பலகையில் தனியாக ஒரு சதுரப் பெட்டி செய்து, அதன் மூடிமேல் யானையை முழுசாக நிற்கவைத்துப் பசைபோட்டு ஒட்டினார். வெற்றிச்செல்வி பெட்டிக்குச் சின்ன வெங்காயத் தோல் நிறமும், யானையின் முகபடாத்துக்கு மஞ்சளும் பச்சையும் தீட்டினாள்.

மறுநாள் மகள் வினோதினியோடு வந்த பரிமளாவின் முகம் சுருங்கியது. "வயித்துக்குள்ளதானே நகை வைக்கக் கேட்டோம்?"

"கேட்ட மாதிரி செய்யலீங்க. தப்பு என்னோடதுதான். புடிக்கலைன்னா வுட்டுடுங்க" என்றார் நல்லதம்பி. வெற்றிச்செல்வி பெயிண்ட் ஒட்டிய விரலைத் தேய்த்துக்கொண்டே நின்றாள். முதல் பெட்டியையே வேண்டாமென்று விட்டுப்போனால் இனி அவர் பெட்டிப் பக்கம் போகமாட்டார் என்று அவளுக்குத் தெரியும்.

வினோதினி யானையைப் பிடித்து மூடியைத் தூக்கிப் பார்த்தாள். ஒரு கைக்கு வரவில்லை. இரண்டு கையாலும் தூக்கி மறுபடி மூடியபோது 'டொம்'மென்று சத்தம் எழுந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இதுவே போதும்மா. என் நாத்தனா எனக்குத் தெரியாம தொறந்தா தெருவுக்கே கேக்கும்."

"வாயி, வாயி. அங்க போயி இப்படி உளறி வைக்காத" என்று மகளின் தோளில் தட்டிய பரிமளா, மூடியைத் தானும் ஒருமுறை தூக்கி வைத்துப் பார்த்தாள். டொம்.

"செல்வி, எனக்கும் ஒண்ணு செஞ்சு குடு. நாத்தனா எனக்கும்தானே இருக்கா."

வெற்றிச்செல்வி கணவரைப் பார்க்கவேயில்லை. "உங்களுக்கு என்ன கலர் அடிக்கட்டும்க்கா?" என்றாள்.