தோணிக்குப் பின்னால் நீந்திய செம்மறிகள்

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். பட்டணமான புளியந்தீவின் கடைத்தெருச் சத்தத்தில் வளர்ந்த நானும் அப்படித்தான் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருந்த என் மனைவியின் காணிக்குப் போனேன். காணியைப் போலவே செம்மறிகளும் அவளுக்குத் தாய்வழியில் வந்தவை. உயரமில்லாத, செம்மண் நிறத்துக் குறுமயிர் ஆடுகள். பார்வைக்கு எடுப்பில்லை. ஆனால் மாரியில் ஊறினாலும் கோடையில் காய்ந்தாலும் நோயில் படுக்காது.

மேட்டு நிலத்தை அவள் முள்வேலியால் துண்டு துண்டாகப் பிரித்திருந்தாள். ஒரு துண்டில் ஆடு மேயும்போது மற்றவை பூட்டியே கிடக்கும். பச்சைப்பசேலென்ற ஒரு துண்டைக் காட்டி ஒருநாள் கேட்டேன்.

"இவ்வளவு புல்லு நிக்குது. ஏன் புள்ள திறக்காம வச்சிரிக்காய்?"

"இன்னும் அடி தடிக்கல்ல மச்சான். இப்ப விட்டா வேரோட புடுங்கித் திண்டிரும். பிறகு மண்தான் மிஞ்சும்."

ஒரு வருடம் மாரி அடங்கவேயில்லை. மேற்கே ஏதோ குளக்கட்டு உடைந்ததாம். விடிந்தபோது எங்களுக்குக் கீழே வயல்வெளியாகக் கிடந்த வட்டை முழுவதும் ஒரே வெள்ளம். வயலுக்கும் வாவிக்கும் எல்லை தெரியவில்லை. மத்தியானத்துக்குள் ஆட்டுப் பட்டியிலும் தண்ணீர் ஏறிவிட்டது. வட்டைக்கு அப்பால் மருதமரங்கள் நின்ற மணல் திட்டு ஒன்றுதான் காய்ந்திருந்தது.

அயலில் இருந்த மீன்பிடிகாரர் தன் தோணியைத் தள்ளிக்கொண்டு வந்தார். நானும் அவரும் ஆடுகளை இழுத்துப் பார்த்தோம். அவை மிரண்டு தோணியையே கவிழ்க்கப் பார்த்தன. மனைவி இடுப்பளவு தண்ணீரில் நின்று சொன்னாள்: "பெரிசுகள விடுங்க. குட்டிகள மட்டும் ஏத்துங்க."

"தாய்களை என்ன செய்யிற?" என்றார் அவர்.

"குட்டி கத்தும். தாய் வரும்."

தோணி நகர்ந்ததும் குட்டிகள் ஒரே கத்தல். ஒரு தாயாடு தண்ணீரில் பாய்ந்தது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு மந்தை முழுவதுமே மூக்கை மேலே தூக்கிக்கொண்டு நீந்தத் தொடங்கியது. அவள் கிழட்டுக் கடாவின் தாடையைக் கையால் தாங்கியபடி கடைசியாக வந்தாள். பள்ளத்தில் கழுத்துவரை தண்ணீர் வந்தபோதும் கையை எடுக்கவில்லை. தோணியில் குட்டிகளை அணைத்துப் பிடித்திருந்த நான் அதைப் பார்த்தேன்.

திட்டில் ஏறியதும் கேட்டேன். "தாய்கள் வருமெண்டு உனக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியாது மச்சான்," என்றாள், நடுங்கிக்கொண்டே. "வேற வழி இல்ல."

கடா மட்டும் குளிரில் விழுந்து செத்துப்போயிற்று.

வெள்ளம் வடிந்தபின் மேய்ச்சல் நிலமெல்லாம் சேற்றுக்குள் கிடந்தது. புல் எழும்பும்வரை அவள் ஒரு ஆட்டையும் உள்ளே விடவில்லை. ஆடுகளுக்குத் தின்ன இருவரும் பூவரசங்குழை வெட்டிச் சுமந்தோம். மந்தைக்குப் புதுக் கடா வேண்டியிருந்தது. பட்டணத்தில் ஒருவர் வெளிநாட்டிலிருந்து கப்பலில் இறக்கியிருந்த பெரிய இனக் கடாவை மீன்பிடிகாரர் சொன்னார். நானும் ஆசைப்பட்டேன். அவள் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"வடிவான ஆடுதான். ஆனா அந்த உடம்ப வச்சிக்கொண்டு நம்மட சேத்தில நிக்க ஏலாது."

பிறகு வாவிக்கரை ஊர்களில் வீடுவீடாக விசாரித்தாள். களுதாவளைப் பக்கம் ஒரு வீட்டில் இதே குறுமயிர் இனத்தில் ஒரு கடா நின்றது. அந்த வீட்டுக்காரி முதலில் தரமாட்டேன் என்றாளாம். இவள் போய் அங்கேயே சோறு தின்று, கதை பேசி, கடைசியில் பெட்டையான இரண்டு மறிக்குட்டிகளைக் கொடுத்து அதை வாங்கி வந்தாள்.

கடா வந்திறங்கிய அன்று, அடி தடித்துத் தயாராக இருந்த ஒரு துண்டின் படலையை அவள் திறந்துவிட்டாள். ஆடுகள் தலை நிமிராமல் மேய்ந்தன. அவள் வேலியோரம் குந்தியிருந்து, எந்த ஆடு நொண்டுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.